கணினி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (நடுநடுவே கொஞ்சம் நாட்டு நடப்பும்)

குடும்பத்தில் ஒருவன் கணினி நோண்டுகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், சித்தப்பா வீட்டு பிரின்டர் முதல் மாடி வீட்டுத் தம்பியின் புது லேப்டாப் வரை எல்லாவற்றுக்கும் அவனுக்குத்தான் போன் வரும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். இதில் தகவலும் இருக்கிறது, என் சொந்த அபிப்பிராயமும் இருக்கிறது. எது எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

விண்டோஸ் 10-ஐ நிறுத்திவிட்டார்களாமே, என் கணினி இனி ஓடாதா?

ஓடும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். அன்றுவரை தெரிந்த ஓட்டைகளை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் உங்கள் கணினியில் திறந்தே கிடக்கும். பேங்க் வேலை, வருமான வரி, மெயில் எல்லாம் அதே கணினியில்தான் என்றால் சும்மா விட்டுவிடக் கூடாது.

உடனடி வழி ஒன்று உண்டு. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களைத் தொடர்ந்து பெற, அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் கணினி அமைப்புகளை அவர்களிடம் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. அமைப்புகளைச் சேமிக்க விருப்பமில்லை என்றால் 30 டாலர், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1000. ஆக, காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பதிவு செய்ய மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும்.

2015-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையேறி, விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று சொன்னார். ஆறு வருடத்தில் 11 வந்துவிட்டது.

என் கணினி நன்றாகத்தானே ஓடுகிறது? விண்டோஸ் 11 ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

மூன்று கட்டுப்பாடுகள்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே கள்ள நிரல் நுழையாமல் தடுப்பது), மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசசர். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்தி. ஐ5 என்று போட்டு அதன் பின்னால் 7 ஆயிரத்துச் சொச்சம் எண் இருந்தால் கதவு சாத்தியாகிவிட்டது, 8 ஆயிரத்துச் சொச்சம் என்றால் உள்ளே வாருங்கள். சில விதிவிலக்குகள் உண்டு, நம்மிடம் இருக்கும் லேப்டாப்புகள் பெரும்பாலும் அதில் வராது.

டிபிஎம் கெட்ட விஷயம் இல்லை. வட்டை, அதாவது கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை, பூட்டும் சாவியைப் பத்திரமாக வைக்கும் சில்லு அது. லேப்டாப் திருடுபோனால் உள்ளே இருப்பதைத் திருடன் படிக்க முடியாது. எனக்குப் புரியாதது வேறு. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 ஏற்கெனவே இருக்கிறது. அப்படியும் அவை பட்டியலில் இல்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போட்டு ரேம் கூட்டினால் இன்னும் ஐந்து வருடம் உழைக்கிற இயந்திரத்தை ஒரு பட்டியல் குப்பைக்கு அனுப்புகிறது. அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு உங்கள் மேசையில் இருக்கிற பெட்டியின் ஆயுளை முடிவு செய்ய என்ன உரிமை என்பதுதான் என் கேள்வி. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரே கேள்வியின் வேறு வேறு உருவங்கள்தான்.

இன்னொன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்படும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் தன் மெயிலைப் போட்டு நிறுவிக் கொடுத்திருந்தால்? கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால்? மதர்போர்டு கெட்டு, நீல நிறத் திரை 48 இலக்கச் சாவி கேட்கும்போதுதான் பலருக்குத் தன் வட்டு பூட்டியிருப்பதே தெரிகிறது. இன்றைக்கே கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, தாளில்தான்.

தடையைத் தாண்டி ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் அது அனுமதியில்லாக் குடியிருப்பு. பெரிய அப்டேட் எப்போது மறுக்கும் என்று சொல்ல முடியாது. அப்பா அம்மா கணினியில் செய்யாதீர்கள்.

அப்போ லினக்ஸ் போட்டுவிடலாமா?

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். உங்கள் வேலை முழுக்க பிரவுசர், யூடியூப், மெயில், கடிதம் டைப் அடிப்பது, கணக்கு அட்டவணை என்றால் தாராளமாக. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில்கூட லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு கௌரவமாக ஓடும். 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பைப் போடுங்கள், விண்டோஸ் 7-இல் பழகியவர்களுக்கு மெனு எங்கே என்று தேட வேண்டியிருக்காது. மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பென் டிரைவில் போட்டு, வட்டில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. அதைத் தயாரித்தது சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். வட்டில் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். கேரளா அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் தேர்வையும் லினக்ஸிலேயே வைத்தார்கள். அங்கே நிலைத்துவிட்டது.

டேலி? போட்டோஷாப்?

விண்டோஸிலேயே இருங்கள். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. ஆடிட்டர்கள் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு டிரைவர் தேடி அலைவதும் ஒரு தனி வேதனை. உங்கள் பிழைப்பு ஒரு மென்பொருளில் இருக்கும்போது என் கொள்கைக்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். லினக்ஸ்காரர்கள் சிலர், போட்டோஷாப்புக்கு இலவச மாற்றாக "ஜிம்ப் இருக்கிறதே" என்று ஆரம்பிப்பார்கள். ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தமிழில் டைப் அடிக்க எது நல்லது? என் பழைய கோப்புகளைத் திறந்தால் குப்பையாகத் தெரிகிறதே?

இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய கோப்பு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தவை. கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துதான், உங்கள் கண்ணுக்கு மட்டும் தமிழ். எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் வேஷம் கலைந்து அரைப்புள்ளியும் சிற்றெழுத்துமாக நிற்கும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ஒட்டு முறை. இலங்கையில் பாமினி, இங்கே டாம், டாப், வெளிநாட்டுத் தமிழர்களிடம் டிஸ்கி என்று ஒரு காலத்தில் ஒரு மெயிலைப் படிக்கவே மூன்று எழுத்துரு வேண்டியிருந்தது.

யூனிகோடு வந்ததும் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகத்துக்கே பொதுவான ஒரு எண் கிடைத்தது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடையும், தமிழுக்கென்றே செய்த டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் அச்சகங்களில் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய எழுத்துருவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். கல்யாணப் பத்திரிகைக்கு நீங்கள் யூனிகோடில் அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போதுதான் தாய்மாமன் பெயரில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சகக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இருக்கும் நூற்றுக்கணக்கான மாதிரிகள் எல்லாம் அந்த வடிவத்தில் சிக்கியிருக்கின்றன. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முக்கியமான பழைய கோப்புகளை, எந்த எழுத்துரு என்று ஞாபகம் இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுங்கள்.

விசைப்பலகைக்கு என் ஓட்டு தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்டது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் என்று 31 விசைகள், அவ்வளவுதான். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 'அக்கா' அடிக்க ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'ங்க', 'ந்த' மாதிரி இன எழுத்துகளுக்கும் அப்படியே. ஐபோனில் 2013 முதல் உள்ளேயே இருக்கிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கில ஒலிப்பில் 'அம்மா' அடித்துப் பழகியவர்கள் மாற மாட்டார்கள் என்று தெரியும். பிள்ளைகளுக்காவது முதலிலேயே தமிழ்99 சொல்லிக் கொடுங்கள்.

லினக்ஸில் வைரஸே வராதாமே?

யார் சொன்னது? வீட்டுக் கணினிகளைக் குறிவைப்பது குறைவு, அவ்வளவுதான். 2024 மார்ச் 29-ஆம் தேதி வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தைக் கேளுங்கள்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரித்தவர் ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து உதவி செய்ய ஆரம்பித்தார். வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாக வேலை பார்த்தார். இன்னும் சில பெயர்கள் வந்து "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று அந்தப் பராமரிப்பாளரை நச்சரித்தன. கடைசியில் பொறுப்பு கைமாறியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்-ஐக் குறிவைத்து ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டது.

மாட்டியது எப்படி? ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி அதிகம் எடுக்கிறதே என்று கவனித்தார். விடாமல் துருவினார். உலகத்துச் சர்வர்கள் தப்பித்தன. அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்பதை லினக்ஸ் அபிமானிகளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மூலநிரல் திறந்திருந்ததால்தான் ஒரு வெளியாள் துருவிப் பார்க்க முடிந்தது. அதே சமயம், திறந்திருக்கிறது என்பதற்காக யாரும் தினமும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கவில்லை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாட வருபவர்களிடம் நான் பேசுவதில்லை. அந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் உழைப்பில் ஓடிய கோடீஸ்வரக் கம்பெனிகள் அவருக்கு ஒரு உதவியாளரைச் சம்பளம் போட்டுக் கொடுத்திருந்தால், ஜியா டானுக்கு அந்த வாசலில் வேலையே இருந்திருக்காது.

அதே வருடம் விமான நிலையத்தில் எல்லாம் நீலத் திரை வந்ததே, அது மைக்ரோசாஃப்ட் தப்பா?

2024 ஜூலை 19. தப்பு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியுடையது. நம் நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் கோப்பில் கோளாறு. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. ஹைதராபாத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழுந்த கணினி தானாக எழுந்திருக்காது, ஒவ்வொன்றையும் ஆள் போய் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். பூட்டிய வட்டு என்றால் மேலே சொன்ன 48 இலக்கச் சாவியும் வேண்டும்.

கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருள் விண்டோஸின் கருவிலேயே (கெர்னல்) உட்கார்ந்து ஓடுகிறது. அங்கே தடுக்கினால் மொத்தமும் விழும். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒன்றை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் புதுப்பித்தார்களே, கொஞ்சம் பேருக்கு மட்டும் முதலில் அனுப்பிப் பார்த்திருக்கலாமே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். மிச்சமாகும் காசுக்கு ஒரு வெளி வட்டு வாங்கிப் படங்களை நகல் எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் நம் நாட்டு மென்பொருள் வந்துவிட்டால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பாருங்கள். அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு 49 சதவீதப் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது, சில நாளில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனிக்கு மெயில் முதலான சேவைகளை நிறுத்தியது. இந்தியச் சட்டத்தில் அவர்கள் மேல் எந்தத் தடையும் இல்லை, காசும் கட்டியிருக்கிறார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது. ரஷ்ய எண்ணெய் பற்றி உங்கள் அபிப்பிராயம் எதுவாகவும் இருக்கட்டும், இங்கே ஓடும் ஆலையின் தபால்பெட்டியை வேறு கண்டத்தில் எடுத்த முடிவு பூட்டியது என்பதை மறக்கக் கூடாது.

அதனால் ஜோஹோ மாதிரி கம்பெனிகள் வளர்வதில் எனக்குச் சந்தோஷம். தென்காசிப் பக்கம் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்பது சாதாரண விஷயமா? ஆனால் 2025 செப்டம்பர் வாக்கில் எல்லோரும் ஜோஹோவின் 'அரட்டை' ஆப்புக்கு ஓடியபோது, அதில் எழுத்துச் செய்திகளுக்கு இருமுனை மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு, அப்போது இல்லை. வாட்ஸ்அப்பில் இருந்தது. தேசப்பற்று ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம். உள்ளூர்க் கம்பெனி என்றாலும் உங்கள் தரவை வெளியே எடுத்துப் போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கும் படிப்படியாக லினக்ஸுக்கும் மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது. அவர்கள் கம்பெனியை மட்டும் மாற்றவில்லை, கோப்பு வடிவத்தையே பொதுவானதாக மாற்றுகிறார்கள். எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது. அதே நாட்டில் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்குப் போய்விட்டு 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சஞ்சார் சாத்தி ஆப் வைக்கலாமா?

வைக்கலாம். அது மத்திய அரசின் ஆப். தொலைந்த போனை முடக்க, உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க உதவும். ஆனால் 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில் எல்லாப் புதுப் போன்களிலும் அதைக் கட்டாயமாகப் போட்டே விற்க வேண்டும் என்றார்கள் பாருங்கள், அது தப்பு. எதிர்ப்பு கிளம்பி டிசம்பர் 3-இல் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். என் போனில் எது இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கம்பெனி சொன்னாலும் பிடிக்காது, டெல்லி சொன்னாலும் பிடிக்காது.

சிபிஐ என்று சொல்லி வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்றால்?

அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அப்பா அம்மாவுக்கு இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

ஏஐ பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

தினமும் பயன்படுத்துகிறேன், நம்புவதில்லை. நிரல் எழுத, நீளமான ஆவணத்தைச் சுருக்க நல்ல உதவி. மருந்து, சட்டம், பணம் என்றால் அது சொன்னதை மூலத்தில் சரிபார்க்காமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன்.

தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஏஐ மாதிரிகள் (மாடல்கள்) எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கும், கட்டணமும் துண்டுக் கணக்கில். தமிழ் அதிகத் துண்டுகளாக உடையும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வந்தபோது, அதைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனி கொடுத்த எடுத்துக்காட்டில், ஒரு தமிழ்ப் பத்தி முன்பு 116 துண்டுகளாக இருந்தது 35 ஆகக் குறைந்தது. அதுவரை அதே விஷயத்துக்கு நாம் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். சின்ன மாதிரிகளை வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம், அதில் எனக்கு ஆர்வம் அதிகம். தமிழில் அவை இன்னும் உளறுகின்றன.

ரேம் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது? புது லேப்டாப் இப்போது வாங்கலாமா?

மேலே சொன்ன ஏஐதான் காரணம். உலகத்து ரேம் சில்லுகளில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். தரவு மையங்கள் அதிக விலை கொடுத்து அள்ளுவதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்கிறது. 2025 டிசம்பரில் மைக்ரான், கடைகளில் விற்கும் தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்துவிட்டது. இருக்கும் கணினி ஓடினால் ஓட்டுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால், ரேமை மதர்போர்டில் ஒட்டாமல் பிறகு கூட்டிக்கொள்ள இடம் விட்டிருக்கும் மாடலாகப் பாருங்கள். கடைக்காரரிடம் "ரேம் ஸ்லாட் காலியா இருக்கா?" என்று கேட்டால் போதும்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் கையில் இருப்பது என்ன போன்?

ஆண்ட்ராய்டுதான், கூகுள் கணக்கோடுதான். பூட்டை உடைத்துச் சுதந்திரமாக்கிய போனில் பல பேங்க் ஆப்கள் ஓடாது, யுபிஐ இல்லாமல் டீக்கடைக்குக்கூடப் போக முடியாது. இந்தச் சமரசம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் செய்திருக்கிறேன். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் போடும் வசதியையும் கூகுள் இறுக்கப் பார்க்கிறது. ஆப் எழுதியவர் தன் அடையாளத்தைப் பதிந்திருக்க வேண்டும் என்ற விதி 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் வரும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, ஆபத்தை ஏற்றுக்கொள்பவர்களுக்குத் தனி வழி விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மோசடி ஆப்களில் பணம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் விதியின் நியாயமும் புரிகிறது. ஆனாலும் அனுமதிச் சீட்டு கொடுப்பது ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது.

வீட்டுக் கணினி பழைய திங்க்பேட் லேப்டாப், அதில் டெபியன் என்ற லினக்ஸ்.

என் கணினிக்கு லினக்ஸ் போட்டுத் தருவீர்களா?

தருவேன். முதலில் படம், ஆவணம் எல்லாவற்றையும் வெளி வட்டில் நகல் எடுங்கள், அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ், சார்ஜர், பிரின்டர் மாடல் எண் மூன்றும் கையோடு இருக்கட்டும். ஞாயிறு காலை வாருங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குத் தொலைபேசியில் கேள்வி கேட்கலாம், இரவு ஒன்பது மணிக்குள்.